கால்வளையம் 418

ஜனவரி 4, ஞாயிறு

திட்ட அலுவலகம் கொடுத்த புது மிரர்லெஸ் கேமரா கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அதைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதித்தான் ஆக வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தினால் போதும், பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போட்டுவிடுகிறது. எந்தப் பறவை என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இருபது படம் எடுத்திருக்கிறது. சத்தம் கிடையாது, அதனால் பறவைகளும் கலைவதில்லை. இப்படி ஓர் அவசரக்குடுக்கையை நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு சங்கடம். கோடியக்கரை உப்பளத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை பூநாரைகளின் கண்ணைப் படமெடுப்பது அல்ல, காலைப் படமெடுப்பது. எங்கோ வடக்கே குஞ்சாக இருந்தபோது சில பூநாரைகளுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் மாட்டி, அதில் மூன்று இலக்க எண் பொறித்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் படித்துப் படத்தோடு சென்னைக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

நாலு மணிக்குத் தாரிணி பேசினாள். ஞாயிறு நாலு மணி, பத்து நிமிடம். இது வசுமதி செய்த ஏற்பாடு. ஜூலையில் மகளை அழைத்துக்கொண்டு உறையூரில் தன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். எங்களுக்குள் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மனத்தாங்கல்.

"வந்துடுச்சாப்பா?"

"இன்னும் இல்லடா."

"போன வருஷம் பொங்கலுக்கு முன்னாடியே வந்துடுச்சுன்னு சொன்னீங்களே."

அவள் கேட்பது 418-ஐ. போன பிப்ரவரியில் மூன்று பேருமாக இங்கே வந்திருந்தபோது டெலஸ்கோப்பில் அவளாகவே படித்த எண். அன்றிலிருந்து அந்தப் பறவையின் பெயர் பதினெட்டு. அது திரும்பி வந்தால் அதைப் பார்க்க ஒரு நாள் அழைத்து வருவதாக வசுமதி அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதற்கு மட்டும்தான். என்னைப் பார்க்க என்று தனியாக ஏற்பாடு எதுவும் இல்லை. ஆக, பதினெட்டு வந்தால் என் மகள் வருவாள்.

ஜனவரி 7, புதன்

பூநாரைகள் எண்ணிக்கை 312. மஞ்சள் வளையம் இல்லை. காற்று அதிகம்.

ஜனவரி 9, வெள்ளி

அறையில் காஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு வேளையும் கடைச் சாப்பாடு.

உப்பளத்தில் பம்பு ஓட்டும் அமிர்தலிங்கம் அண்ணன் பத்து மணிக்குத் தூக்குச்சட்டியில் டீ கொண்டு வந்தார். நாள் முழுக்க நான் பேசும் மனிதர் அவர் ஒருவர்தான். அறுபது வயது. பறவைகள் மீது அவருக்குப் பிரியமெல்லாம் கிடையாது, அவற்றின் எச்சம் பாத்தியில் விழுகிறதே என்ற கவலைதான். வரப்பின்மேல் நான் கட்டியிருக்கும் கீற்று மறைவுக்குள் குனிந்து வந்து, கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்துவிட்டு, "கண்ணு செவசெவன்னு இருக்கே, அதுக்கும் ராத் தூக்கம் இல்லியோ?" என்றார். சிரித்தேன். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்புறம்தான் தோன்றியது.

ஜனவரி 11, ஞாயிறு

வந்துவிட்டது!

ஏழே காலுக்கு, கிழக்குப் பாத்தியில், ஏறத்தாழ நானூறு பறவைகள். அதில் ஒன்றின் இடது காலில் மஞ்சள். நாற்பது மீட்டர் இருக்கும். பட்டனை அழுத்தினேன், அவசரக்குடுக்கை இருநூற்று நாற்பது படம் எடுத்துத் தள்ளியது. அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், எல்லாப் படத்திலும் கண் அப்படியே கத்தி முனை மாதிரி இருக்கிறது. கால் இல்லை. பூநாரை கழுத்தை நீட்டி மேயும்போது தலை ஒரு முழத்துக்கு முன்னால் போய்விடுகிறது. இவ்வளவு நீண்ட லென்ஸில், இவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கும்போது, தெளிவு என்பதே ஒரு முழம்தான். கண்ணுக்குக் கொடுத்தால் காலுக்கு இல்லை.

ஆனாலும் நாலு தெரிகிறது. ஒன்று தெரிகிறது. மூன்றாவது இலக்கம் வளைவு வளைவாக இருக்கிறது. எட்டு. எட்டாகத்தான் இருக்க வேண்டும், போன வருடம் நின்ற அதே பாத்தி, அதே இடது கால்.

நாலு மணிக்குச் சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் உறையூர் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்திருக்கும். பிறகு ஃபோன் கை மாறியது. ஜூலைக்குப் பிறகு வசுமதியின் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

"நெஜமாவே அதுதானா?"

"அதேதான்."

"பாத்தீங்களா, இல்ல இருக்கும்னு சொல்றீங்களா?"

"ஃபோட்டோவே இருக்கு வசு."

"பிப்ரவரி இருபத்தொண்ணு சனிக்கிழமை சாயங்காலம் வேதாரண்யம் வந்து லாட்ஜ்ல தங்கிக்கிறோம். ஞாயித்துக்கிழமை காலையில பாத்துட்டு அப்படியே கிளம்பிடுவோம்" என்றாள். வசு என்று கூப்பிட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

படிவம் அனுப்பினேன். எண்: 418. கடைசிக் கட்டத்தில் 'உறுதி' என்றும் 'ஐயம்' என்றும் இரண்டு இருக்கும், ஒன்றில் குறி போட வேண்டும். உறுதியில் போட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அமிர்தலிங்கம் அண்ணன் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் வந்தன. சாப்பிட்டேன். பகலில் தூங்கினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

தாரிணிக்கு நான் அனுப்பிய படத்தை அவள் ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, கடைசி நம்பர் சரியாவே தெரியலையே. மூணு மாதிரியும் இருக்கு."

கண்ணில் ஃபோகஸ் நிற்பதை, ஒரு முழ ஆழத்தை, எட்டரை மணிக்கு மேல் உப்புத் தரையிலிருந்து கிளம்பும் கானலை, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். விளக்கம் சொல்வதில் எனக்கு என்றைக்குமே குறைச்சல் கிடையாது.

"அப்ப மேனுவல்ல எடுங்கப்பா. நீங்க எப்பவும் அப்படித்தானே எடுப்பீங்க."

"எடுக்கலாம்டா. பறவை நிக்கணுமே."

"அது தூங்கறப்ப நிக்குமே."

ஆறாம் வகுப்பில் இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களா என்ன. பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று வசுமதியின் அம்மா குரல் கொடுத்தார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

மழைத் தூறல், வேலை இல்லை. அறையில் உட்கார்ந்து ஆட்டோஃபோகஸையும் மேனுவலையும் நியாயமாக ஒப்பிட்டு எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அலுவலகத்துக்கும் பயன்படும்.

பதினாறு வருடம் ஸ்டுடியோவில் இருந்தவன் நான். கல்யாண மேடையில், தாலி கட்டும் நேரத்தில், மாப்பிள்ளையின் கைக்கும் பெண்ணின் கழுத்துக்கும் நடுவே எங்கே ஃபோகஸ் நிற்க வேண்டும் என்று என் இடது கைக்குத் தெரியும். மேனுவலில் ஒரே ஒரு சூட்சுமம்தான். தெளிவு வந்ததும் நிறுத்தக் கூடாது. தாண்டிப் போய் மங்க விட வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். இரண்டு பக்கமும் மங்கல் எங்கே என்று பார்த்தவனுக்குத்தான் நடுவில் தெளிவு எங்கே என்று தெரியும். முதலில் கொஞ்சம் தெளிந்தவுடன் அதுதான் என்று நிறுத்திவிட்டால், அரைகுறைப் படம்தான் கிடைக்கும்.

ஆனால் மேனுவலில் வேகம் இல்லை. ஒரு படத்துக்கு நாலைந்து விநாடி ஆகும். ஆட்டோ அதற்குள் நூறு எடுத்துவிடும். கூட்டத்தில் ஒரு பறவையை மேனுவலில் தொடர்வது சிரமம். கானலில் இன்னும் சிரமம். காற்றில் முக்காலி ஆடும். எனக்கும் நாற்பத்தாறு ஆகிறது, கண் முன்போல இல்லை. ஆகவே இங்குள்ள நிலைமைக்கு ஆட்டோவே பொருத்தம்.

ஏழு காரணம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், ஐந்தோடு போதும்.

ஜனவரி 27, செவ்வாய்

மஞ்சள் வளையக்காரி இன்று ஒற்றைக் காலில், தலையை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு, முப்பத்தைந்து நிமிடம் தூங்கினாள். தரையில் ஊன்றியிருந்தது வளையம் போட்ட கால். வெயில் நேராக அதன்மேல். காற்று இல்லை, கானல் இல்லை.

அவசரக்குடுக்கைக்குக் கண் தெரியவில்லை. கண் இல்லாத பறவை அதற்குப் பறவையே இல்லை. பச்சைக் கட்டம் இவளைத் தாண்டிப் பின்னால் நின்ற பறவையின் கண்ணுக்குத் தாவியது. இழுத்து வந்தால் மறுபடி தாவியது. எண்பது படத்தில் பின்னால் நிற்கும் பறவைகள் கண்காட்சி மாதிரி வந்திருக்கின்றன, முன்னால் ஒரு மஞ்சள் கறை.

மேனுவலுக்கு மாற்ற லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசைதான். விரல் அதன்மேல் இருந்தது. அசைந்தால் பறவை எழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தாரிணி வகுப்பில் பதினெட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாளாம். டீச்சர் கைதட்டச் சொன்னார்களாம். பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அம்மா மட்டும் நம்ப மாட்டேங்கறாங்கப்பா. போயிப் பாத்துட்டுச் சொல்லுன்றாங்க" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"அப்பா பாத்துட்டாங்க, ஃபோட்டோவும் அனுப்பியிருக்காங்க, அப்புறம் என்னன்னு கேட்டேன்."

அதன்பிறகு வேறு ஏதோ பேசினோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை.

பிப்ரவரி 4, புதன்

சென்னையிலிருந்து டாக்டர் சுகந்தி பேசினார். திட்டத்தின் தலைவர் அவர். கோபமே வராத மனுஷி, அதுதான் அவரிடம் பேசுவதில் கஷ்டம்.

"கணநாதன், 418-க்கு உறுதின்னு போட்டிருக்கீங்க. நானும் இன்னும் ரெண்டு பேரும் பாத்தோம், எங்களுக்குக் கடைசி நம்பர் பிடிபடல. உங்களுக்கு எதை வச்சு உறுதின்னு தோணிச்சு?"

போன வருடப் பாத்தி, இடது கால், உயரம் என்றெல்லாம் சொன்னேன்.

"அது பறவையோட அடையாளம் இல்லையே. நம்பர்தானே அடையாளம்? இன்னொரு படம் கிடைச்சா அனுப்புங்க, அவசரம் இல்ல."

அனுப்புகிறேன் என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

அமிர்தலிங்கம் அண்ணன் டீ ஊற்றிக்கொண்டே, "ஒரு சந்தேகம் தம்பி, கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்கண்ணே."

"கால்ல இருக்குற நம்பரப் பாக்கத்தான வந்திருக்கீங்க? மாசக்கணக்கா கண்ணையே புடிச்சிக்கிட்டிருக்கீங்களே. அந்தக் காலு என்னா, பாக்கக் கூடாத காலா?"

கேமரா அப்படித்தான் எடுக்கும் என்றேன்.

"கேமராதான எடுக்குது, நீங்க எடுக்கலியா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு பம்பு ரூமுக்குப் போய்விட்டார். அவர் மனதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 7, சனி

விசையைத் தள்ளினேன். ஆறே முக்கால் மணி. இடது கையை ஃபோகஸ் ரிங்கில் வைத்ததும் பழைய பழக்கம் தானாக வந்தது. தூரத்து வரப்பு தெளிந்தது, அதிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தேன். பின்னால் நின்ற பறவைகள் தெளிந்து மங்கின. பிறகு அவள் முதுகு. பிறகு கால். வளையம் வெறும் மஞ்சளாக இருந்து, ஓரம் பிடித்து, உள்ளே கறுப்பாக ஏதோ கூடியது. நிறுத்தவில்லை, தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலைந்து விநாடி என்று எழுதியிருந்தேன், இன்று பத்து விநாடி ஆகியிருக்கலாம். பிறகு ஒரே ஒரு படம் எடுத்தேன்.

நல்ல ஃபோகஸ்.

மத்தியானம் துணி துவைத்தேன். வேட்டி, இரண்டு சட்டை, போர்வை. முக்காலியின் கால்களில் உப்புப் பிடித்திருந்தது, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். லென்ஸ் துணியையும் துவைத்தேன். எதுவும் பாக்கியில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தாரிணி பை எடுத்து வைத்துவிட்டாளாம், இரண்டு வாரம் இருக்கும்போதே. பதினெட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாகத் தூங்குகிறது என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வளையங்கள் பிளாஸ்டிக்கில் செய்தவை. உப்புநீரிலும் சேற்றிலும் வருடக்கணக்காகக் கிடப்பவை. எழுத்து தேயும். எட்டின் இடது பக்கம் மேலும் கீழும் தேய்ந்துபோனால் பார்ப்பதற்கு மூன்று போலத்தான் இருக்கும். இப்படித் தேய்ந்த வளையங்களை நானே போன வருடம் இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் அப்படித் தேய்ந்தால் கோடு விட்டு விட்டுத் தேயும், அங்கங்கே கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இது சுத்தமான மூன்று. அடித்தது அடித்தபடி இருக்கிறது. சனிக்கிழமை ஆறே முக்காலிலிருந்து எனக்குத் தெரியும். அதற்கு முன்பே தெரியும் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

413. இவள் பதினெட்டு இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

மனத்தாங்கல் என்று முதலில் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். அது மனத்தாங்கல் இல்லை.

போன மார்ச்சில் இந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி எப்போது என்று சொல்லவில்லை, டிசம்பரில்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. திருச்சியிலேயே அலுவலக வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, தினமும் காலை எட்டரைக்கு வசுமதி கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு கிளம்பி, மத்தியப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். தஞ்சாவூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒரு மணிக்குச் சாப்பிடுவேன். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போவேன். ஆபீஸில் இன்று என்ன நடந்தது என்று அவள் கேட்பாள், நானும் சொல்வேன். இல்லாத மனிதர்களுக்குப் பெயர் வைத்தேன். ஒருவருக்குக் கல்யாணம்கூடச் செய்துவைத்தேன். வசுமதி அந்தப் பெண்ணுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று கேட்டாள்.

மூன்றரை மாதம். கும்பகோணத்தில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பிய அவள் தங்கைதான் பெஞ்சில் என்னைப் பார்த்தாள்.

வசுமதி கத்தவில்லை. "வேலை போனதச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டிய அந்த ஒரு விநாடியைத் தாண்ட எனக்குத் தெரியாது, அதைத் தள்ளிப்போட எத்தனை நாள் வேண்டுமானாலும் பாடுபடுவேன்.

தாரிணிக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

திருத்திய படிவம் அனுப்பினேன். எண்: 413. உறுதி. முதலில் அனுப்பியது என் தவறு என்றும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் டாக்டர் சுகந்தியின் பதில்: "அருமையான படம். 413 இரண்டு வருடமாக எங்கேயும் பதிவாகவில்லை. நல்ல செய்தி, நன்றி." அவருக்கு நல்ல செய்தி.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்றரை மணியிலிருந்தே ஃபோனைக் கையில் வைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் அதில் கானலும் ஒரு முழ ஆழமும்தான் பெரும்பகுதி. கிழித்துப் போட்டுவிட்டேன்.

"பாப்பா, அது பதினெட்டு இல்ல."

"என்னப்பா?"

"நம்பர் நானூத்தி பதிமூணு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

இங்கேதான் ஆமாம் என்று சொல்லிவிட வாய் தயாராக இருந்தது. ஒரு வார்த்தை, அதோடு எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது.

"இல்ல. எட்டு நாளாத் தெரியும். மொதல்ல சொன்னப்பவே எனக்கு உறுதியாத் தெரியாது. நீ வரணும்னு சொல்லிட்டேன்."

"அப்ப பதினெட்டு எங்க?" என்றாள்.

"தெரியாதுடா."

"செத்துப் போயிடுச்சா?"

"தெரியாது. வேற எங்கயாவது போயிருக்கலாம். எனக்குத் தெரியல."

"கிளாஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்ப்பா." அழவில்லை, அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். "அம்மாகூடச் சண்டை போட்டேன். அப்பா பஸ் ஸ்டாண்டுல உக்காந்தது வேற, இது வேறன்னு சொன்னேன்."

ஆக, தெரியும்.

ஃபோனை வைத்துவிட்டாள். நாலு நிமிடம்தான் பேசியிருக்கிறோம். மீதி ஆறு நிமிடமும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பூநாரைகள் எண்ணிக்கை 388. 413 கிழக்குப் பாத்தியில்.

பிப்ரவரி 19, வியாழன்

அமிர்தலிங்கம் அண்ணன், "மக எப்ப வருது? எங்க வூட்ல மீன் வாங்கி வைக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். வரமாட்டாள் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் பொய் சொல்லிவிட்டேன், அதனால் என்றேன். அவர் இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார்.

பிப்ரவரி 20, வெள்ளி

வசுமதியிடமிருந்து ஒரு செய்தி. "நாளைக்குச் சாயங்காலம் வேதாரண்யம் வர்றோம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவதான் போகணும்ங்கறா. ஞாயிறு ஆறரைக்கு அங்க இருப்போம்."

ஏன் வருகிறாள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆறு இருபதுக்கு ஆட்டோ வந்து நின்றது. தாரிணி ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், யாரும் என்னிடம் சொல்லவில்லை. "வாடா" என்றேன். "ம்" என்றாள். வசுமதி என்னை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இளைச்சிட்டீங்க" என்றாள்.

மூன்று பேரும் வரிசையாக வரப்பில் நடந்தோம். வசுமதி மறைவுக்குள் வரவில்லை, வெளியிலேயே நின்றுகொண்டாள். 413 இருந்தாள். இருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது யாருக்கும் தெரியாது. ஒற்றைக் காலில் தூக்கம், வளையம் போட்ட கால்தான் கீழே.

"அதோ, வலது பக்கத்துல மூணாவது..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்கப்பா. நானே பாக்கறேன்."

கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பட்டனைப் பாதி அழுத்தினாள். பச்சைக் கட்டம் வழக்கம்போல ஏதோ ஒரு கண்ணில் போய் உட்கார்ந்தது. "இது வேண்டாம்" என்றாள். விசை எங்கே இருக்கிறது என்று லென்ஸைத் தடவித் தேடினாள். காட்டலாம் என்று கையை நீட்டினேன். என் கையைப் பார்த்தாள், நான் எடுத்துக்கொண்டேன். அவளே கண்டுபிடித்துத் தள்ளினாள்.

ஃபோகஸ் ரிங் அவள் கைக்குப் பெரியது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். வேகமாகத் திருப்பிவிட்டாள், எல்லாம் போய்விட்டது. "ச்சே." மறுபடி ஆரம்பித்தாள். மெதுவாக, தாண்டிப் போய், திரும்பி வந்து. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். அவசரக்குடுக்கை அதற்குள் பன்னிரண்டாயிரம் படம் எடுத்திருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கானல் கிளம்பிவிடுமே என்று வெயிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நாலு" என்றாள்.

"ஒண்ணு."

மறுபடி தாண்டிப் போனாள், மறுபடி வந்தாள். அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நான் படித்த எண் அது, படம் சென்னையில் இருக்கிறது, மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் எட்டாக இருந்துவிடுமோ என்று அந்த நேரத்தில் நான் பயந்தேன். ஒரு மாதமாக எட்டாக இருக்க வேண்டும் என்று கிடந்தவன் நான்.

"மூணு" என்றாள். "மூணுதான்."

திரும்பினாள். என் பக்கம் இல்லை, கீற்று இடுக்கு வழியாக வெளியே நின்ற வசுமதியின் பக்கம்.

"இந்தத் தடவை அப்பா சொன்னது நெஜம்தாம்மா."

வசுமதி "சரி" என்றாள். உள்ளே வந்து பார்க்கிறாயா என்று கேட்டேன். "அவ பாத்துட்டாளே, போதும்" என்றாள்.

அமிர்தலிங்கம் அண்ணன் வீட்டில் இட்லியும் மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். தாரிணி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என்னிடம் அதிகம் பேசவில்லை, முகம் மட்டும் காலையில் இருந்த அளவுக்கு இறுக்கமாக இல்லை. பத்து மணி பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்றேன்" என்றாள். வசுமதி தலையசைத்தாள், எனக்கா டிரைவருக்கா என்று தெரியவில்லை.

இப்போது மணி நாலரை. அவர்கள் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வந்தாள், பார்த்தாள், நெஜம் என்றாள். மத்தியானம் முழுக்க அறையில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பறவையைப் பார்க்க வரவில்லை. நான் சொன்னதைச் சரிபார்க்க வந்தாள். இனி நான் எது சொன்னாலும் அவள் தாண்டிப் போய், திரும்பி வந்து, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவாள். பதினோரு வயதில் அவளுக்கு இந்த வேலையை நான் கொடுத்துவிட்டேன்.